உங்களுக்குத் தெரியுமா? ஈரம் காய்வதற்குள் பிடித்துவைத்த அரச விழா

● 1851 மே 1, வியாழக்கிழமை. லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடியாலும் இரும்பாலும் எழுந்த 'கிரிஸ்டல் பேலஸ்' மாளிகையில், உலகப் பெருங்கண்காட்சியை விக்டோரியா மகாராணி திறந்துவைத்தார். உள்ளே ஏறத்தாழ 25,000 பேர். வெளியே பூங்காவிலும் தெருக்களிலும் அதைப்போலப் பல மடங்கு கூட்டம். அந்த நிமிடத்தைப் புகைப்படத்தில் பிடிப்பது எளிதாக இல்லை. புகைப்படக் கலைக்கு அப்போது வயது 12. கேமரா முன்னால் அசையாமல் நின்றால்தான் உருவம் விழும்; நடந்தால் கலங்கிய நிழல்தான் மிஞ்சும். ஊர்வலமோ நகர்ந்துகொண்டே இருந்தது. சிவப்புக் கம்பளம், பச்சை மரம், ராணியின் உடையில் மின்னிய வெள்ளிச் சரிகை என்று நிறங்களையும் சேர்த்து உடனுக்குடன் பிடிக்க ஏற்ற வழி நீர்வண்ணம். வாட்டர்கலர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் குழைத்தோமே, அதே வண்ணந்தான்!

● அந்த விழாவைப் பொதுமக்கள் யாரும் பார்க்காமலே போயிருக்கக்கூடும். பூட்டிய கதவுக்குள், சில பெரிய மனிதர்கள் முன்னிலையில் மட்டும் ராணி திறந்துவைப்பதாகத்தான் முதல் ஏற்பாடு. காரணம் பயம். 1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்திருந்தது. 1850 ஜூனில் ஒருவன் ராணியின் தலையிலேயே கைத்தடியால் அடித்திருந்தான். ஆயிரக்கணக்கானவர்கள் நடுவே அவரை நடக்கவிடுவதா என்று அதிகாரிகள் தயங்கியதில் நியாயம் இருந்தது. செய்தி வெளியே வந்ததும் பத்திரிகைகள் கொதித்தன. கடைசியில், சீசன் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாரும் உள்ளே வரலாம் என்று முடிவு மாறியது. டிக்கெட் விலை ஆண்களுக்கு 3 கினி, பெண்களுக்கு 2 கினி. ஒரு கினி என்பது 21 ஷில்லிங். உழைத்துப் பிழைப்பவர் நினைத்துப் பார்க்கக்கூடிய விலை இல்லை. ஆக, திறப்பு விழாப் படங்களில் நாம் காணும் கூட்டம் பணம் படைத்தவர்களின் கூட்டம். அதை மனத்தில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால், எல்லாரும் ஏன் அவ்வளவு நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார்கள் என்பது விளங்கும்.

● இன்னொரு பயமும் இருந்தது. ராணி வரும்போது பீரங்கி மரியாதை முழங்கினால், மேலே இருக்கும் கண்ணாடி முழுவதும் நொறுங்கி விழாதா? கூரையிலும் சுவர்களிலுமாக ஏறத்தாழ 3,00,000 கண்ணாடித் தகடுகள். பீரங்கி முழங்கியது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

● விழாவை நீர்வண்ணத்தில் தீட்டியவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர். யூஜின் லாமி, 1800-ல் பாரிஸில் பிறந்தவர். படைவீரர்களின் சீருடைகளை லித்தோ என்ற கல் அச்சில் வரைந்து பெயர் வாங்கியவர். 1848 புரட்சியில் பிரெஞ்சு அரசர் லூயி பிலிப் முடியிழந்து இங்கிலாந்தில் தஞ்சம் புகுந்தபோது, லாமியும் லண்டன் வந்து சேர்ந்தார். பொத்தான், தோள்பட்டைச் சரிகை, இடைக்கச்சு ஆகியவற்றை ஆயுள் முழுக்க வரைந்த கை. அரச விழா வரைய அதைவிடப் பொருத்தமான கை கிடைக்காது. ஊர்வலத்தில் யார் எந்தப் பதவி என்பதைச் சொல்வது முகம் இல்லை, உடை. கூட்டத்தில் முகம் ஒரு புள்ளி. ஆனால் கோட்டின் நிறமும் வெட்டும் தப்பாக விழுந்துவிட்டால், பார்க்கிற அரண்மனைக்காரர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நீர்வண்ணத்தை லாமிக்குக் கற்றுத் தந்தவர் பானிங்டன் என்ற ஆங்கிலேயர். பாரிஸில் ஒரே ஓவியக்கூடத்தில் இருந்தபோது படிந்த பழக்கம் அது. இங்கிலாந்தின் கலை பிரான்சுக்குப் போய், 1851-ல் இங்கிலாந்தின் விழாவையே வரையத் திரும்பி வந்தது.

● லூயி ஹாக் என்ற ஓவியர் இடது கையால் வரைந்தார். பெல்ஜியத்தின் தூர்னே ஊரில் 1806-ல் பிறந்தபோதே அவருக்கு வலது கை ஊனம். டேவிட் ராபர்ட்ஸ் வரைந்த எகிப்து, பாலஸ்தீனக் காட்சிகளை உலகமே வியந்து பார்த்தது. அந்தச் சித்திரங்களைக் கல்லில் ஏற்றி அச்சுக்குக் கொண்டுவந்தது இவருடைய இடது கை. பிறகு லித்தோவை விட்டுவிட்டு முழுநேர நீர்வண்ண ஓவியரானார். பெருங்கண்காட்சிக் காட்சிகளைத் தீட்டியவர்களில் இவரும் உண்டு. பிற்காலத்தில் லண்டன் நீர்வண்ண ஓவியர் சங்கங்களில் ஒன்றுக்கு 10 ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்தார்.

● ஒரு விழாப் படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்ப்போம், வாருங்கள். எட்ட நின்றால் ஆயிரம் பேர் தெரிகிறார்கள். கிட்டப் போனால் ஆள் என்று யாருமே இல்லை. விரல் நகம் அளவு இடத்தில் ஐந்தாறு தலைகள். ஒவ்வொரு தலையும் தோல் நிறத்தில் ஒரு சொட்டு, அதன் மேல் முடிக்கு ஒரு பழுப்புக் கீற்று, அவ்வளவுதான். பெண்களின் தொப்பி ஒரு வெள்ளைப் பொட்டு. வண்ணத்துக்கு அடியில் பென்சில் கோடுகள் இன்னும் தெரியும். தூண்கள் எங்கே, மாடி எங்கே என்று முதலில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். பிறகு பெரிய தூரிகையில் தண்ணீரோடு மெல்லிய வண்ணம் ஓடியிருக்கும். அது காய்ந்த பிறகு இன்னொரு அடுக்கு, அதற்கு மேல் இன்னொன்று. கடைசியாக நுனி கூர்ந்த தூரிகையில் கெட்டியான வண்ணத்தை எடுத்து ஒற்றி ஒற்றி வைத்த பொட்டுகள்தான் இறகு, நகை, வாள், பூ.

அந்தக் கெட்டி வெள்ளைக்கு ஒரு கதை உண்டு. தூய நீர்வண்ணத்தில் வெள்ளை கிடையாது. தாளின் வெண்மையை அப்படியே விட்டுவைப்பதுதான் வெள்ளை. கூட்டத்தில் 500 வெள்ளைத் தொப்பிகள் இருந்தால் 500 இடத்தில் தாளைக் காலியாக விட்டுக்கொண்டே வண்ணம் பூச முடியுமா? அதுவரை கிடைத்த ஈய வெள்ளை, நாளடைவில் காற்றுப் பட்டுக் கறுத்துப்போகும். 1834-ல் விண்சர் அண்ட் நியூட்டன் நிறுவனம் துத்தநாகத்திலிருந்து 'சைனீஸ் ஒயிட்' என்ற வெள்ளையைச் செய்து விற்கத் தொடங்கியது. அது கறுக்கவில்லை. கடைசி நிமிடத்தில் எங்கே வேண்டுமானாலும் ஒரு பொட்டு வைக்கலாம். விக்டோரியா காலத்து விழாப் படங்களில் மினுங்கும் வைரமும் சரிகையும் பெரும்பாலும் இந்தத் துத்தநாக வெள்ளையின் தயவு.

● நீர்வண்ணக்காரருக்குக் கிரிஸ்டல் பேலஸ் ஒரு சோதனை. கல் சுவர் இல்லாத கட்டடத்தை எப்படி வரைவது? நிழல் விழுந்தால்தான் உருவம் திரளும். இங்கேயோ நாலா பக்கமும் வெளிச்சம். அவர்களைக் காப்பாற்றியது உள்ளே இரும்புக்கு அடித்த வண்ணம். ஓவன் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றையும் வெள்ளையோடு மாற்றி மாற்றி அடிக்கச் சொன்னார். வேலை நடந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். நின்று பார்த்தபோது, தூரம் போகப் போக அந்த நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து நீலப் புகைமூட்டம்போல் கரைந்தன. மலையைத் தூரத்திலிருந்து பார்ப்போமே, அப்படி! ஒரு கட்டடத்துக்குள்ளேயே அடிவானம் தெரிந்தது என்றால் அது 1,800 அடிக்கு மேல் நீண்ட இந்த ஒரு கட்டடத்தில்தான் இருக்க வேண்டும்.

● நடுக்கூடத்தில், கூரைக்குக் கீழே முழுசாக எல்ம் மரங்கள் நின்றன. பூங்கா மரங்களை வெட்டக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியதால், அவற்றை உள்ளே வைத்தே 108 அடி உயரத்துக்கு வளைகூரை எழுப்பினார் வடிவமைப்பாளர் ஜோசப் பாக்ஸ்டன். அவர் அடிப்படையில் தோட்டக்காரர். ரயில்வே கூட்டம் ஒன்றில் உட்கார்ந்தபடி மை ஒற்றும் தாளில் அவர் கிறுக்கியதுதான் முதல் வரைபடம். திறப்பு விழாப் படங்கள் பலவற்றில் ராணிக்குப் பின்னால் அந்த இளம்பச்சை இலைகள் இருக்கும்.

● இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. விழா நடுவே, பட்டு அங்கி அணிந்த சீனர் ஒருவர் கூட்டத்திலிருந்து வெளியே வந்து ராணியின் முன்னால் தாழ்ந்து வணங்கினார். யார் இவர் என்று யாருக்கும் தெரியவில்லை. சீனாவுக்கு அப்போது பிரிட்டனில் தூதரே கிடையாது. சீன அரசு கண்காட்சியில் கலந்துகொள்ளவும் இல்லை. பேரரசர் அனுப்பிய பெரிய மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, அவரை ஊர்வலத்தில் மற்ற தூதர்களோடு சேர்த்து நடக்கவிட்டார்கள். அவர் பெயர் ஹீ சிங். 'கீயிங்' என்ற சீனப் பாய்மரக் கப்பலோடு லண்டன் வந்தவர். தேம்ஸ் ஆற்றில் நின்ற அந்தக் கப்பலைக் காசு கொடுத்து ஏறிப் பார்க்கலாம்.

அவர் ஏமாற்ற வந்தார் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஊரார் அத்தனை பேரும் ராணியைப் பார்க்க முண்டியடித்தபோது, தன் ஊர் முறைப்படி வணக்கம் சொன்னவர் அவர். தூதர் என்று பட்டம் கட்டியது மற்றவர்கள். விழாவை எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்த ஹென்றி செலஸ், வலது ஓரத்தில் முன்வரிசையில் அவரைத் தெளிவாக நிறுத்திவைத்தார். லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தில் இன்றும் அவர் நிற்கிறார், தூதர்கள் எல்லாருக்கும் முன்னால்.

● அதே மே 1 இரண்டு பேருக்குப் பிறந்த நாள். வாட்டர்லூ போரின் வெற்றி வீரர் வெலிங்டன் பிரபுவுக்கு 82 வயது. அவர் பெயரை இட்ட அரச குழந்தை ஆர்தருக்கு 1 வயது. ஊர்வலத்தில் வெலிங்டனும் ஆங்கில்சி பிரபுவும் கைகோத்து நடந்தார்கள். ஆங்கில்சி வாட்டர்லூவில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலோடு அந்த நீண்ட கூடத்தைச் சுற்றி வந்தார். இந்த வெலிங்டன்தான் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவுக்கு எதிரான போரில் இருந்த இளம் அதிகாரி ஆர்தர் வெல்லெஸ்லி.

● இந்தியப் பகுதியின் நீர்வண்ணப் படங்களில் ஒரு யானை நிற்கும். அதன் முதுகில் அம்பாரி. முர்ஷிதாபாத் நவாப் ராணிக்கு அனுப்பிய பரிசு அது. அம்பாரி வந்துவிட்டது, யானை வரவில்லை. எங்கெங்கோ தேடி, எசெக்ஸில் சாஃப்ரன் வால்டன் என்ற சிற்றூர் அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்து வைத்திருந்த யானையைக் கடன் வாங்கி வந்தார்கள். அது ஆப்பிரிக்க யானை. வங்காளத்து அம்பாரியைக் கண்காட்சி முடியும்வரை சுமந்து நின்றது.

இந்தக் காட்சிகளை வரைந்தவர் ஜோசப் நாஷ். ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசருக்காக, கண்காட்சியின் ஒவ்வொரு பகுதியையும் நீர்வண்ணத்தில் ஏறத்தாழ 50 படங்களாகத் தீட்டினார். பழைய ஆங்கில மாளிகைகளை ஆள் நடமாட்டத்தோடு வரைந்து புகழ் பெற்றவர் அவர். பொருட்கள் மட்டும் இருந்தால் அது சரக்குப் பட்டியல் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழந்தையைத் தூக்கிக் காட்டும் தந்தை, குடையை ஊன்றி நிற்கும் பெரியவர் என்று யாராவது ஒருவர் அங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

● நம் பக்கத்துச் செய்தி ஒன்று. திருவிதாங்கூர் மகாராஜா உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா, விக்டோரியாவுக்கு ஒரு தந்தச் சிம்மாசனம் செய்து அனுப்பினார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது அந்த நாட்டில் அடக்கம். யானைத் தந்தத்தில் செதுக்கி, மணிகள் பதித்த இருக்கை, கூடவே பாதம் வைக்க ஒரு பீடம். 1851 கண்காட்சியில் கூட்டம் மொய்த்த பொருட்களில் அதுவும் ஒன்று. அக்டோபர் 15 நிறைவு விழாவுக்கு ராணி வரவில்லை. ஆல்பர்ட் இளவரசர்தான் வந்தார். அவர் அமர்ந்தது இந்தத் திருவிதாங்கூர் சிம்மாசனத்தில். 25 ஆண்டுகள் கழித்து 1876-ல், 'இந்தியாவின் பேரரசி' என்ற பட்டம் பெற்ற விக்டோரியா படம் எடுத்துக்கொள்ள அமர்ந்ததும் அதே இருக்கையில்தான். கறுப்பு உடை உடுத்திய ராணிக்குப் பின்னால் நம் தச்சர்கள் செதுக்கிய வேலைப்பாடு தெரிகிறது. செதுக்கியவர்களின் பெயர்கள் மக்கள் நாவில் நிலைக்கவில்லை என்பது வருத்தந்தான்.

● கோகினூர் வைரம் அந்தக் கண்காட்சியின் ஏமாற்றம். தங்க முலாம் பூசிய கம்பிக் கூண்டுக்குள் இருந்த 186 காரட் கல், கண்ணாடி மாளிகையின் பகல் வெளிச்சத்தில் ஜொலிக்கவே இல்லை. சுற்றிலும் எரிவாயு விளக்கு வைத்துப் பார்த்தார்கள். 1852-ல் அதைத் திரும்பப் பட்டை தீட்டி ஏறத்தாழ 106 காரட்டாகக் குறைத்துவிட்டார்கள். ஆக, 1851-ல் வரைந்த படங்களில் இருக்கும் கோகினூர் இன்று உலகத்தில் இல்லாத உருவம்.

● ஆல்பர்ட்டின் பெட்டிக்குள் போயிருக்க வேண்டிய படங்கள் ஊருக்கெல்லாம் தெரிந்தது டிக்கின்சன் பிரதர்ஸ் நிறுவனத்தால். நாஷ், ஹாக், டேவிட் ராபர்ட்ஸ் மூவரின் படங்களையும் வண்ண லித்தோவில் அச்சிட்டு, 1854-ல் 2 பெரிய தொகுதிகளாக 55 படங்களோடு வெளியிட்டார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று வண்ணங்களை ஒவ்வொன்றாகத் தாளில் ஏற்ற வேண்டும். ஒரு மயிரிழை விலகினாலும் ராணியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும்! அச்சான பிறகும் கையால் வண்ணம் தொட்டு முடித்தார்கள்.

● நீர்வண்ணத்துக்கு எமன் வெளிச்சம். எண்ணெய் ஓவியத்துக்கு மேலே வார்னிஷ் பூச்சு உண்டு. நீர்வண்ணமோ தாளில் தூசிபோல் படிந்த நிறம். அதைக் காக்க மேலே எதுவும் இல்லை. அதிகம் பாதிக்கப்பட்டது நீலம். அந்தக் காலத்து ஓவியர்கள் மேகத்துக்குச் சாம்பல் நிறம் வேண்டுமென்றால் அவுரி நீலத்தோடு இரும்புச் சிவப்பைக் கலப்பார்கள். சில பத்தாண்டுகளில் வெயில் பட்டு அவுரி ஓடிவிடும், சிவப்பு நின்றுவிடும். மழை மேகம் என்று தீட்டியது செக்கர் வானமாக மாறியிருக்கும். அந்த நீலத்தில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து போனது. வங்காளத்தில் விளைந்ததோடு, நம் தென்னாற்காட்டிலும் கடப்பையிலும் அவுரித் தொட்டியில் ஊறியதும் உண்டு.

ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்து 1888-ல் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். வண்ணம் பூசிய தாள்களை வெயிலில் வைத்து, எது எத்தனை நாளில் வெளுக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார்கள். இன்று அருங்காட்சியகங்கள் நீர்வண்ணப் படங்களை 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சத்தில், சில மாதங்கள் மட்டும் வைத்துவிட்டு எடுத்துவிடுகின்றன. உங்கள் வீட்டில் தாத்தா காலத்து நீர்வண்ணப் படம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து சன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டாதீர்கள்.

● ராணியின் படங்கள் நிறம் மாறாமல் பிழைத்ததற்கு ஒரு குடும்பப் பழக்கம் காரணம். விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் மாலை வேளைகளில் சேர்ந்து உட்கார்ந்து, விழாக்கள், பயணங்கள், வரவேற்புகள் பற்றிய நீர்வண்ணப் படங்களை ஆல்பங்களில் வரிசையாக அமைத்தார்கள். இப்போது நாம் கல்யாண ஆல்பம் வைத்துக்கொள்வதைப்போலத்தான். மூடிய புத்தகத்துக்குள் வெளிச்சம் போகவில்லை. சுவரில் மாட்டிய படங்கள் வெளுத்தன, ஆல்பத்தில் இருந்தவை அன்று காய்ந்த நிறத்தோடு நின்றன.

● விக்டோரியாவே நீர்வண்ணம் தீட்டுவார். 1846-ல் அவருக்கு 12 பாடங்கள் நடத்திய ஆசிரியர் எட்வர்ட் லியர். குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாடல்கள் எழுதினாரே, அதே லியர்தான். 1874-ல் அவர் சென்னைக்கு வந்து மகாபலிபுரத்தையும் திருச்சி மலைக்கோட்டையையும் வரைந்துகொண்டு போனார்.

● கினி கொடுக்க முடியாதவர்களுக்கு மே 26 முதல் 1 ஷில்லிங் நாட்கள் வந்தன. கிராமங்களிலிருந்து ரயிலேறிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மூடும்வரை வருகைக் கணக்கு 60 லட்சத்தைத் தொட்டது. எதிர்பார்த்த கலவரம் எதுவும் நடக்கவில்லை. கிடைத்த லாபம் 1,86,000 பவுன். அந்தப் பணத்தில் சவுத் கென்சிங்டனில் நிலம் வாங்கினார்கள்; இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் அறிவியல் அருங்காட்சியகமும் அங்கேதான் நிற்கின்றன.

● கிரிஸ்டல் பேலஸைப் பிரித்தெடுத்துச் சிட்னம் குன்றில் இன்னும் பெரிதாகக் கட்டி 1854-ல் திறந்தார்கள். 1936 நவம்பர் 30 இரவு அது தீப்பிடித்தது. லண்டன் முழுவதும் செவ்வானமாகத் தெரிய, விடிவதற்குள் இரும்பு முறுக்கிக்கொண்டு சரிந்தது. அங்கே 82 ஆண்டுகள் நின்ற மாளிகையில் இன்று மிஞ்சியிருப்பது படிக்கட்டும் மதிலும் சில சிலைகளும். ஹைட் பார்க்கில் அதன் நடுக்கூடத்து எல்ம் மரங்களை இளம்பச்சையோடு பார்க்க வேண்டுமென்றால், ராணியின் படங்கள் இருக்கும் விண்ட்சர் கோட்டையின் இருட்டு அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து, விளக்கைக் குறைத்து வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.